கழற்றிய டைமர்கள்

சுற்றறிக்கையை மூன்றாவது தடவை வாசித்து முடித்தபோது பெரியதம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடிய காகிதம் இல்லை அது. நகரில் குண்டு வெடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கீழே நீல முத்திரை, முத்திரைக்கு மேல் யாரோ பெரிய ஆளின் கிறுக்கல் கையெழுத்து. "நேரம் குறித்து மின்சாரத்தைத் தொடுக்கவோ துண்டிக்கவோ வல்ல யாதேனும் பொருளை" விற்கிற, திருத்துகிற கடைக்காரர்கள், கொண்டுவருகிறவரின் பெயர், நிரந்தர முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி, திங்கட்கிழமைதோறும் பிரதியைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டுமாம். சிங்களத்தில் எழுதியவருக்கும் சரி, அதைத் தமிழாக்கியவருக்கும் சரி, வீட்டில் சுவிட்ச் போடுவதற்கும் வேறு ஆள் இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டார்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கடையைச் சுற்றிப் பார்த்தார். மேசை மின்விசிறி இரண்டு, இரண்டிலும் டைமர். யாரோ டொக்டர் வீட்டு உடுப்புத் தோய்க்கிற மெஷின், அதிலும் டைமர். சுவரோரம் அடுக்கியிருந்த ஆறேழு ஹொட் பிளேட் மின்னடுப்பு, ஒவ்வொன்றிலும் வெள்ளைக் குமிழோடு டைமர். கடையே பதிவேட்டுக்குள் போக வேண்டியதுதான். கடை என்றால் எட்டடி அகலம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், பழைய வீடொன்றின் கார்க் கொட்டகையை நடுவே பலகை அடித்துப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதியில் மஹ்ரூபின் பான்சிக் கடை. மறு பாதியில், "பெரியதம்பி இலெக்ட்ரிக்கல்ஸ்" என்ற பலகைக்குக் கீழே, சோல்டரிங் புகையை மூக்கால் குடித்துக்கொண்டு இவர்.

பெரியதம்பிக்கு எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை யாரும் கேட்க வேண்டும் என்ற அவசியமில்லை. ஹொட் பிளேட்டைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் மஹ்ரூப் தன் பாதிக் கடைக்குள் மெல்ல நழுவிவிடுவான், ஏனென்றால் புறக்கோட்டை மொத்தக் கடைகளிலிருந்து அதை வாங்கி வந்து விற்கிறவனே அவன்தான். தகர உடம்பு, மேலே ஒரு வட்ட இரும்பு. உள்ளே போகிற வயர் நூல் மாதிரி. உடம்புக்கு ஏர்த் கிடையாது. ஒரு மாதத்தில் பிளக்கின் கால்கள் ஆடத் தொடங்கும். சூடு கூடினால் தானாக நிற்க வேண்டிய பகுதியைச் செலவு மிச்சம் என்று வைக்காமலே விட்டுவிட்டார்கள். பெட்டியில் மட்டும் "பாதுகாப்பானது" என்று ஐந்து மொழியில் அச்சடித்திருந்தது. அந்தச் சாமானில் உருப்படியான ஒரே உறுப்பு அந்த டைமர்தான். அரை மணிக்குத் திருகிவிட்டால் அரை மணியில் 'டிங்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

"கப்பலிலை வாற குப்பையைச் சோதிக்க இந்த நாட்டிலை ஒரு சட்டமும் இல்லை. அதுக்குள்ளை இருக்கிற ஒரே நல்ல சாமானுக்கு மட்டும் சட்டம் போட்டிருக்கிறாங்கள்" என்று பலகைக்கு அந்தப் பக்கம் கேட்கச் சொன்னார்.

"அண்ணே, மெதுவாச் செல்லுங்க. இது பலக, செவரு இல்ல" என்றான் மஹ்ரூப்.

ஆனாலும் சட்டத்துக்குப் பயந்த மனிதர் பெரியதம்பி. அன்றைக்கே தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, தலைப்புகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். முதல் வரியில் ஏறியவர் தங்கையா மாஸ்டர். அறுபத்திரண்டு வயது, இளைப்பாறிய கணக்கு வாத்தியார். போன வருடக் கடைசியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது புறப்பட்டு, வவுனியாவில் மாதக்கணக்கில் காத்து, இப்போது ஜெர்மனியில் இருக்கும் மகளின் கடிதத்துக்காக லொட்ஜ் ஒன்றில் காத்துக்கொண்டிருப்பவர். அந்த ஒழுங்கைகளில் இருந்த லொட்ஜ்கள் எல்லாவற்றிலும் அப்படியான ஆட்கள்தான், அறைக்கு மூன்று பேர், நான்கு பேர். சாப்பாட்டுக்கடை கட்டுப்படியாகாது, மண்ணெண்ணெய் அடுப்புக்கு மனேஜர்மார் விட மாட்டார்கள். ஆகவே கட்டிலுக்குக் கீழே ஒரு ஹொட் பிளேட்டை ஒளித்து வைத்துச் சோறு காய்ச்சினார்கள். மாஸ்டருடைய ஹொட் பிளேட்டில் டைமர் இறுகிவிட்டது. துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்தார் பெரியதம்பி. பெயரை எழுதினார். மாஸ்டரே அடையாள அட்டையை நீட்டி, இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பிரதி போனது. புதன்கிழமை மாஸ்டரைக் கொண்டுபோனார்கள். பதினொரு நாள் வைத்திருந்தார்கள்.

திரும்பி வந்த மாஸ்டர் நேரே கடைக்குத்தான் வந்தார். மெலிந்திருந்தார், சவரம் செய்யவில்லை. பெரியதம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டார். மாஸ்டர் உட்காரவில்லை.

"தம்பி, உம்மடை கையெழுத்து நல்ல வடிவு" என்றார். "நாள் தவறாமல் எனக்கு முன்னாலை விரிச்சு வைச்சுக் காட்டினவங்கள்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவனுக்குச் சொல்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு பெரியதம்பியால் சாப்பிட முடியவில்லை. காரணத்தை மனைவி றஞ்சிதத்துக்குச் சொல்லவும் முடியவில்லை.

கதை லொட்ஜ் லொட்ஜாகப் பரவியது. அதன் பிறகு ஹொட் பிளேட்டோடு வந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். டைமர் இருக்கிற சாமானுக்குத்தானே பதிவு? டைமர் இல்லாவிட்டால் பதிவும் இல்லை, பொலிஸும் இல்லை. அறையைச் சோதிக்க வந்தால் காட்டுவதற்கும் பயமில்லை. "உந்தச் சனியனைக் கழட்டிப்போட்டு நேரை குடுத்து விடுங்கோ அண்ணை" என்றார்கள். முதல் ஆளுக்குப் பெரியதம்பி கால் மணி நேரம் வகுப்பு எடுத்தார். இரண்டாவது ஆளுக்கு ஐந்து நிமிடம். பிறகு பேசாமலே கழற்றினார். வயரை நேராகக் கொடுத்து, குமிழ் இருந்த ஓட்டையைத் தகரத்துண்டால் மூடி, விளிம்பை அரத்தால் தேய்த்து மழுமழுப்பாக்கினார். கை வேலையில் குறை சொல்ல முடியாது. "அடுப்பைப் போட்டுட்டு அங்காலை இஞ்சாலை போகப்படாது" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். யாருடைய பெயரையும் கேட்கவில்லை. காதில் விழுந்த பெயரையும் வேண்டுமென்றே மறந்தார். இன்னொரு மாஸ்டரை உள்ளே தள்ளுவதற்குத் தன் கையெழுத்து உதவக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். திங்கள்தோறும் "இவ்வாரம் எதுவுமில்லை" என்று எழுதிக் கொடுத்தார்.

கழற்றிய டைமர்களை ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். நல்ல சாமானைக் குப்பையில் போட அவருக்குக் கை வராது.

சித்திரை முடிகிற நேரம் ஒரு சார்ஜன்ட் சிவில் உடையில் வந்தார். திங்கட்கிழமைப் பிரதியை வாங்கி வைக்கிற அதே சார்ஜன்ட். கையில் ஒரு மேசை மின்விசிறி. டைமர் இறுகி, பத்து நிமிடத்துக்கு மேல் ஓடாதாம். "பாஸ், மேக்க ஹதலா தென்ன புளுவந்த?" என்று கேட்டார், திருத்தித்தர முடியுமா என்று. பெரியதம்பி முடியும் என்று தலையாட்டிவிட்டு, சீ.ஆர். கொப்பியை எடுத்து விரித்து, பேனாவைத் திறந்து, "மாத்தயாகே நம?" என்று மிகப் பணிவாகப் பெயரைக் கேட்டார். பலகைக்கு அந்தப் பக்கம் மஹ்ரூபுக்கு இருமல் வந்தது. சார்ஜன்ட் கொப்பியைப் பார்த்தார், பெரியதம்பியைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் பெயரைச் சொல்லவில்லை.

"என்ட பேர் போட வேணாங் பாஸ்" என்றார் தமிழில். "மேலே ஆள் பாத்தா கேள்வி கேப்பாங். டைமர் கழட்டு. சும்மா சுத்தினா போதும்."

டின்னுக்குள் அது முப்பத்தோராவது. அன்று முழுக்கப் பெரியதம்பி உற்சாகமாக இருந்தார். போட்டவர்களே கழற்றச் சொல்கிற சட்டம் என்று மஹ்ரூபுக்கு மூன்று தடவை சொன்னார்.

அந்த வருடம் மழை பொய்த்தது. மலையில் நீர்த்தேக்கங்கள் வற்றி, கரண்ட் வெட்டத் தொடங்கினார்கள். முதலில் இரண்டு மணி நேரம், பிறகு நாலு, பிறகு எட்டு. எந்த ஒழுங்கைக்கு எப்போது என்று பேப்பரில் போட்டார்கள், பேப்பரில் போட்டபடி ஒருநாளும் நடக்கவில்லை. தன் தொழிலுக்கு வந்த கேடு என்று மட்டும் பெரியதம்பி அதை நினைத்தார். ஊர் முழுக்க அபிப்பிராயம் சொல்கிற மனிதருக்கு, எட்ட வேண்டிய ஒரு யோசனை மட்டும் எட்டவில்லை.

வைகாசியில் ஒரு காலை, பேச்சியம்மா கடைவாசலில் வந்து நின்றாள். அடுத்த ஒழுங்கை லொட்ஜில் அறை கூட்டிக் கழுவுகிறவள், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். வழியில் கண்டு தலையாட்டியதைத் தவிர இருவரும் பேசியதில்லை. வலது கையில் மணிக்கட்டு வரைக்கும் துணிக் கட்டு. இடது கையில் சொப்பிங் பை. பையை மேசையில் வைத்து, உள்ளேயிருந்து கருகிய ஹொட் பிளேட் ஒன்றை ஒற்றைக் கையால் சிரமப்பட்டு வெளியே எடுத்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்ங்க. இந்தச் சாமான்ல ஒரு வெள்ளக் குமிழு இருக்கும்ல? இருக்கிறதயும் பாத்திருக்கேன், இல்லாததயும் பாத்திருக்கேன். இது ஒடஞ்சி போச்சா, இல்ல கழட்டிட்டீங்களா?"

தகரத்துண்டின் விளிம்பு மழுமழுவென்று இருந்தது. தன் கைவேலையைப் பெரியதம்பி உடனே அடையாளம் கண்டார்.

"நான்தான் கழட்டினனான்" என்றார். "என்ன நடந்தது தங்கச்சி?"

அவள் சொன்னது நீளமில்லை. பதினாலாம் நம்பர் அறைக்காரர் காலையில் சோறு வைத்திருக்கிறார். பாதியில் கரண்ட் போயிற்று. வரட்டும் என்று கொஞ்சம் பார்த்துவிட்டு, வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் வரச் சொன்ன நேரமாகிவிட்டதென்று பூட்டிக்கொண்டு போய்விட்டார். பதினொரு மணிக்குக் கரண்ட் வந்தது. அறையில் ஆளில்லை. கூட்டப் போன பேச்சியம்மா லொட்ஜ் சாவியால் கதவைத் திறந்தபோது கட்டில் விரிப்பின் நுனியில் நெருப்பு. மேல் மாடியில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். பிளக் கட்டிலுக்குப் பின்னால். அதை எட்ட அடுப்பைத் தள்ள வேண்டியிருந்தது. வெறுங் கையால் தள்ளினாள்.

"குமிழு இருக்கிற அடுப்புன்னா அப்பிடி ஆகியிருக்குமாங்க?" என்று கேட்டாள்.

ஆகியிருக்காது. அந்த டைமருக்குக் கரண்டே தேவையில்லை, உள்ளே இருப்பது திருகினால் முறுகுகிற வெறும் ஸ்பிரிங். கரண்ட் போனாலும் அது தன் பாட்டுக்குச் சுற்றி முடிந்து, இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சும்மா இருக்கும். பிறகு எப்போது கரண்ட் வந்தாலும் அடுப்பு எரியாது. இவ்வளவு நாளும் அதை வாய் ஓயாமல் புகழ்ந்தவருக்கு, கரண்ட் வெட்டும் கழற்றிய டைமரும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசிக்கத் தோன்றவில்லை. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

"ஆகாது" என்றார். "பேர் எழுதச் சொல்லிப் பொலிஸ் கேட்டது. சனம் அதுக்குப் பயந்து கழட்டச் சொன்னது. நானும் பயந்திட்டன்."

பேச்சியம்மா கட்டுப் போட்ட கையை மேசை ஓரத்தில் வைத்தாள். "எங்கிட்ட அந்த அடையாள அட்டையே இல்லீங்க. பொறப்புக் கடுதாசி இல்லன்னுட்டாங்க. நான் இதுகள வாங்கவும் ஏலாது, திருத்தவும் ஏலாது. கையச் சுட்டுக்க மட்டும் ஏலும்" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். பிறகு, "இந்த மாதிரி எத்தன கழட்டியிருக்கீங்க?" என்றாள். அவர் சொன்னார். முப்பது அடுப்பு, ஒரு மின்விசிறி.

"யார் யாருக்குன்னு எழுதி வெச்சிருக்கீங்கல்ல?"

பெரியதம்பி எழுதி வைக்கவில்லை. எழுதாமல் விட்டதைத்தான் இத்தனை நாளும் தான் செய்த ஒரே நல்ல காரியம் என்று நினைத்திருந்தார். மூன்று மாதத்தில் முப்பது அறைகளுக்குள் தன் கையாலேயே நெருப்பை அனுப்பிவிட்டு, எந்த அறை என்று தெரியாமல் நிற்கிறார். கடைவாசலில் எழுதி ஒட்டலாம் என்றால், "டைமர் கழற்றியவர்கள் கொண்டு வரவும்" என்பதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் வாசித்தாலே போதும்.

வழி சொன்னவள் பேச்சியம்மாதான். லொட்ஜ் அறைகளில் எந்தக் கட்டிலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மனேஜருக்குத் தெரியாது, கூட்டுகிறவளுக்குத் தெரியும். அவளைப் போல அந்த ஒழுங்கைகளில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், பாதிப் பேர் அவளுடைய தோட்டத்துப் பக்கம். அடுத்த நாளிலிருந்து வாளிகளில் அடுப்புகள் வரத் தொடங்கின. மேலே ஈரத்துணி, அதற்குக் கீழே ஹொட் பிளேட். அறைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வந்ததும் உண்டு, கேட்காமல் வந்ததும் உண்டு. பெரியதம்பி தகரத்தைப் பிடுங்கி, டின்னிலிருந்து ஒரு டைமரை எடுத்துப் பூட்டி, அரை மணிக்குத் திருகி, 'டிங்' சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுப்பார். சட்டப்படி ஒவ்வொன்றையும் பதிய வேண்டும். பதியவில்லை. கழற்றியபோது கூடச் சட்டத்தில் சந்து இருந்தது. திரும்பப் பூட்டுகிறபோது அதுவும் இல்லை.

மூன்று வாரத்தில் இருபத்தொன்று வந்துவிட்டது. கருகியதையும் சேர்த்து. அதன் பிறகு வாளிகள் வெறுமையாக வந்தன. மிச்சம் ஒன்பது பேரும் எங்கேயோ போயிருந்தார்கள். கனடாவுக்குப் போனவர் அடுப்பை யாரிடமோ கொடுத்துவிட்டுப் போனார். ஒரு குடும்பம் கொட்டாஞ்சேனைக்கு மாறியது. சிலர் லொட்ஜை விட்டு ரயில்பாதை ஓரத்து மாடி வீடுகளில் அறை எடுத்திருந்தார்கள், அங்கே கூட்டுவதற்கு ஆள் வைப்பதில்லை. பெரியதம்பி கோயிலில் கேட்டார், பேக்கரியில் கேட்டார், தபால் கந்தோர் வரிசையில் கேட்டார். வெள்ளவத்தையில் முன்பின் தெரியாத ஒருவர், உங்கள் வீட்டில் என்ன அடுப்பு என்று விசாரித்தால் எப்படி இருக்கும்? கதவைச் சாத்தினார்கள். ஒருவர், "நீர் ஆரின்ரை ஆள்?" என்று கேட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு மஹ்ரூப் பலகையைத் தட்டாமல் நேரே உள்ளே வந்தான். முகம் சரியில்லை.

"அண்ணே, நாளக்கிக் காலேல கட கடயாப் பாக்க வாராங்களாம். பக்கத்து ஒழுங்கேல இண்டக்கிப் பாத்து முடிஞ்சி. அந்த டின் இன்னம் ஈக்கா?"

"இருக்கு."

"ஒங்களுக்கு வெளங்குதா, வெளங்கல்லயா? அடுப்புக்குள்ள ஈந்தா அது அடுப்பு. டின்னுக்குள்ள பத்து டைமர் தனிச்சி ஈந்தா அது என்ன எண்டு செல்லப் போறாங்க? கடல் கிட்டத்தான், நூறு யார் தூரம். போய்ப் போட்டுட்டு வாங்க."

அதைப் பெரியதம்பி யோசிக்காமல் இல்லை. எந்தப் பொருள் தமிழன் ஒருவனின் கையில் இருக்கக் கூடாது என்று அந்தக் காகிதம் நினைத்ததோ, அதைக் கழற்றிச் சேர்த்து அவர் கையில் கொடுத்ததும் அந்தக் காகிதம்தான். ஆனால் இவற்றைக் கடலில் போட்டால் ஒன்பது அடுப்புகளுக்கும் பிறகு ஒருபோதும் டைமர் இல்லை. மஹ்ரூபின் புறக்கோட்டைக்காரர்கள் அந்த மொடலையே நிறுத்திவிட்டார்கள். வேறு டைமர் வாங்கப் போனால் அடையாள அட்டை.

ஆறு மணிக்குக் கடையைப் பூட்டி, வீட்டுக்குப் போய் யோசிப்போம் என்று டின்னைப் பையில் போட்டுக்கொண்டு போனார். வீடு என்பது ஒழுங்கையின் அடியில் மாடியிலுள்ள இரண்டு அறை. கரண்ட் இல்லை. முகம் கழுவிவிட்டு வந்தபோது பையைக் காணவில்லை, றஞ்சிதத்தையும் காணவில்லை. பலகைக்கு அந்தப் பக்கக்காரன் கடையில் மட்டும் சொல்லவில்லை, வீட்டிலும் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். செருப்பை மாட்டிக்கொண்டு கடலுக்கு ஓடினார். ஐம்பத்துநாலு வயதில் ஓட்டம் என்று சொல்ல முடியாது, அவருக்கு அது ஓட்டம்தான்.

ரயில்பாதையைத் தாண்டி, கற்களின் மேல் றஞ்சிதம் உட்கார்ந்திருந்தாள். காற்று வாங்க வந்த பெண் போல இருந்தாள். டின் மடியில் இருந்தது. மூடி திறக்கவில்லை. பெரியதம்பி மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பொழுது மங்கிவிட்டது. எதிரே கடல், பின்னால் ரயில்பாதை, அதற்குப் பின்னால் விளக்கில்லாத மாடிகள்.

"வந்து பத்து நிமிசமாச்சு" என்றாள் றஞ்சிதம். "எறிய வேணுமெண்டுதான் வந்தனான்."

"தெரியும்."

"தங்கையா மாஸ்டரை உள்ளை போட்டது ஒரு பேருக்கு. உங்களை இதோடை பிடிச்சால் நான் எங்கை போய்க் கேக்கிறது? எந்த ஆமிக் காம்புக்குக் கொண்டுபோனவங்கள் எண்டு கேக்கிறது? அந்தச் சார்ஜன்டும் கழட்டச் சொன்னவரெண்டு சொல்லப் போறியளோ? அவற்றை பேரையும் எழுதேல்லை." "ஒன்பது வீட்டுக்காரரை யோசிக்கிறியள். ஒரு வீட்டுக்காரியை யோசிக்கேல்லை."

அவள் சொல்வது சரி. பெரியதம்பிக்கும் பயமாகத்தான் இருந்தது, மாஸ்டரின் சவரம் செய்யாத முகம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. டின்னுக்காகக் கையை நீட்டினார். தானே எறிந்துவிடலாம், அவளுடைய கையால் வேண்டாம் என்றுதான் நீட்டினார். அவள் கொடுத்துவிடத்தான் டின்னைத் தூக்கினாள்.

அப்போது கரண்ட் வந்தது.

கரையோரம் நெடுகக் குழந்தைகள் 'ஹோ' என்று கத்தினார்கள். யாருடையதோ ரேடியோ பாதிப் பாட்டிலிருந்து தொடங்கியது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். தெஹிவளைப் பக்கத்திலிருந்து மாடி மாடியாக ஜன்னல்கள் வெளித்துக்கொண்டு வந்தன. ஒவ்வொரு ஜன்னலிலும் ஆள் அசைந்தது. ஒரு பெண் எழுந்து விசிறியைத் திருப்பினாள், ஒருவர் மெழுகுதிரியை ஊதி அணைத்தார், ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரோ நடந்தார்கள். றஞ்சிதத்தின் கை டின்னோடு அப்படியே நின்றது.

"அங்கை ஆள் இருக்கு" என்றாள். பிறகு, "அந்த மூலையிலையும் இருக்கு."

கரண்ட் வந்தும் ஆளில்லாத அறை எது என்று அவள் பார்ப்பது பெரியதம்பிக்கு ஒரு கணம் கழித்துத்தான் விளங்கியது. அவரும் பார்க்கத் தொடங்கினார். முதல் மாடி, ஆள். அதற்குப் பக்கம், ஆள். பச்சை வீட்டில் இரண்டு ஜன்னல், இரண்டிலும் ஆள். அவள் இடமிருந்தும் அவர் வலமிருந்தும் ஒவ்வொன்றாக வந்தார்கள். தண்டவாளத்துக்கு நேர் எதிரே, பூச்சு உரிந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னலில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. திரை விலகியிருந்தது. கொடியில் காயப்போட்ட சேட்டு ஒன்று தொங்கியது. இருவரும் பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சேட்டைத் தவிர அங்கே எதுவும் அசையவில்லை.

றஞ்சிதம் டின்னைச் சேலைத் தலைப்பால் சுற்றி இடுப்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு பக்கமும் ரயில் வருகிறதா என்று பார்த்தாள். அவர் எழுந்து செருப்பைத் தேடுவதற்குள் அவள் தண்டவாளத்தின் அந்தப் பக்கத்தில் இருந்தாள்.